தறி வீட்டில் ஹீட்டர் மாட்டப் போகும் தம்பிகளுக்கு

மார்கழிப் பனி இறங்கியதும் கொசப்பாளையம், சைதாப்பேட்டை, அருணகிரிசத்திரம் என்று ஆரணியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஹீட்டர் வேலைக்குக் கூப்பிடுவார்கள். முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கமும் அப்படித்தான். விடியற்காலையில் பாவு பிணைக்க உட்காருகிறவர்களுக்கு விரல் விறைத்துப்போனால் இழை பிடிபடாது. வெந்நீரை இங்கே யாரும் சொகுசு என்று சொல்ல மாட்டார்கள்.

ஐ.டி.ஐ. முடித்து இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை முழுதாகப் படியுங்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுதியவர் தறி வீட்டைப் பார்த்தவர் அல்ல. டைல்ஸ் ஒட்டிய குளியலறை, ஒழுங்கான எர்த், மாடியில் தண்ணீர்த் தொட்டி, இவையெல்லாம் இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார். நமக்கு வாய்க்கும் வீடு தறிக்காகக் கட்டியது. குளியலறை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1. மீட்டர் பலகையை முதலில் பார், எர்த்தை அடுத்துப் பார், குளியலறைக்குக் கடைசியில் போ.

வீட்டுக்காரர் உன்னை நேராகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், "இங்கேதான் மாட்டணும் தம்பி" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பி வா. பழைய ஓட்டு வீடுகளில் பிளக்கில் பச்சை வயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார். பலகைக்குப் பின்னால் சும்மா சுருட்டி விட்டிருப்பார்கள், இல்லையென்றால் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள், அதுவும் இல்லையென்றால் நியூட்ரலோடு முறுக்கியிருப்பார்கள். மூன்றிலும் கொடியது கடைசியில் சொன்னது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போன நாளில் ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். குழாயில் கட்டியதும் லேசுப்பட்டதல்ல. இரும்புக் குழாயைக் கழற்றி பிளாஸ்டிக் போட்ட அன்றைக்கே அந்த எர்த் செத்துவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது.

100 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். மங்கலாக எரிந்தால் அந்த எர்த்தை நம்பாதே. பளிச்சென்று எரிந்தாலும் உடனே நம்பாதே. நியூட்ரலோடு முறுக்கியிருந்தாலும் பல்பு அப்படித்தான் எரியும். எர்த் கெட்டிருந்தால் பல்பு போடும் நேரத்தில் அந்த வயரோடு சேர்ந்த எல்லா இரும்பிலும் கரண்ட் ஏறும் என்பதால், கிரைண்டர், ஃபிரிட்ஜ் பக்கம் யாரையும் போக விடாதே. உண்மையான அளவை எர்த் டெஸ்டர்தான் சொல்லும். 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. சொந்தமாக வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

எர்த் இல்லாத வீட்டில் முதல் வேலை குழி தோண்டுவதுதான். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை இறக்கிக் கரியும் உப்பும் போட்டு நிரப்பு, இல்லையென்றால் இப்போது கடையில் கிடைக்கும் கெமிக்கல் எர்த் போடு. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் எர்த் பலவீனப்படும், அப்போது குழியில் தண்ணீர் ஊற்றச் சொல். "ஹீட்டருக்குத்தான் காசு வச்சிருக்கேன், குழிக்கு எங்க போறது?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, கூலி வாரக் கணக்கில் வருகிற வீடு. குழிக்குக் காசு சேரும்வரை ஹீட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வா.

2. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் குளியலறைக்குக் கரண்ட் கொண்டுபோகாதே.

எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 20 ஆம்பியர் எம்.சி.பி. விழ 20 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனிதன் சாக அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆர்.சி.சி.பி. போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழி தவறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். புதிய இணைப்புக்கு இதை வைக்கச் சொல்லி விதி வந்துவிட்டது. பழைய வீடுகள்தான் நம் கவலை. மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வீட்டுப் பெண்களுக்குக் காட்டிக்கொடு. அழுத்தியும் விழாவிட்டால் அது செத்த கருவி, மாற்று.

அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக வயர் இழுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் ஹீட்டர் எலிமெண்டில் ஓட்டை விழுந்திருக்கும். ஆர்.சி.சி.பி. தன் வேலையைத்தான் செய்கிறது. எலிமெண்டை மாற்று.

3. தறிக்கு மேலே வயரில் முடிச்சு வேண்டாம்.

தறி வீட்டில் மீட்டர் முன்னால் நடையில் இருக்கும், குளியலறை கொல்லையில் இருக்கும், நடுவில் தறி. வயர் தறியைத் தாண்டித்தான் போக வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதைத் தறி விளக்குக்குப் போன பழைய ஒரு ஸ்கொயர் வயரிலிருந்து கிளை எடுத்துக் கொடுத்தால், சுற்றிக் கட்டிய இடம் தினமும் சூடாகி ஆறி, டேப் உருகி, ஒரு நாள் பொறி விழும். கீழே என்ன இருக்கிறது? பட்டு மெதுவாகத்தான் எரியும். ஆனால் ஜக்கார்டு பெட்டியும் அட்டைகளும் நூல் கயிறும் மரச்சட்டமும் அப்படியல்ல. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. எரிந்துபோனால் அந்தக் கடனைக் கட்டப் போவது தறிக்காரர்.

அதனால் பலகையிலிருந்து தனி லைன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்பு வயர், 2.5 ஸ்கொயருக்குக் குறையாமல். தூரம் அதிகமென்றால் 4 ஸ்கொயர். சுவர் ஓரமாகக் குழாய்க்குள் ஒரே துண்டாகப் போகட்டும். 16 ஆம்பியர் மூன்று முள் பிளக், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் டி.பி. சுவிட்ச். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, ஈரக்கை எட்டாத இடத்தில்.

4. சுவரைத் தட்டிப் பார்.

25 லிட்டர் ஹீட்டரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, பெட்டியோடு சேர்த்தால் 35 கிலோவுக்கு மேல். மண் சுவரும் நாலரை அங்குல ஒற்றைக்கல் சுவரும் அதை அப்படியே தாங்கும் என்று நம்பாதே. ஒற்றைக்கல் சுவரென்றால் போல்ட்டை மறுபக்கம் வரை துளைத்து இரும்புப் பட்டை வைத்து முடுக்கு. மண் சுவரென்றால் தரையிலிருந்து இரும்புச் சட்டம் நிறுத்து. குளிப்பவர் தலைக்கு நேர்மேலே மாட்டாதே.

5. பெரியது வாங்கச் சொல்லாதே.

கடைக்காரர் பெரியதைத்தான் காட்டுவார். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும், 2000 வாட்டில் அரைமணி நேரம். தினம் ஒரு தொட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் (2023க்கு முன் 200ஆக இருந்தது), அதற்குள் அடங்கிவிடும். ஆனால் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்து, நாள் முழுக்கச் சூடாக்கிக்கொண்டே இருக்கிற வீட்டில் அடங்காது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர் போதும், தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம். ஐ.எஸ். 2082 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை, நட்சத்திர முத்திரை இரண்டும் இருக்கிறதா பார். மூன்று லிட்டர் உடனடி ஹீட்டர் விலை குறைவுதான். ஆனால் 3000 வாட், 13 ஆம்பியர். பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு ஆகாது.

மாடித் தொட்டி இல்லாத வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம். தெருக்குழாயில் பிடித்து அண்டாவில் ஊற்றி வைக்கிற வீட்டுக்குச் சுவர் ஹீட்டர் வேலை செய்யாது. வாங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை, முதலிலேயே சொல்.

6. தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்ச்.

நீல வளையத்தில் பச்சைத் தண்ணீர் உள்ளே போகும், சிவப்பில் வெந்நீர் வெளியே வரும். வெந்நீர்க் குழாய்க்கு சி.பி.வி.சி. அல்லது ஜி.ஐ. போடு, சாதாரண பி.வி.சி. இளகிவிடும். மாட்டி முடித்ததும் வெந்நீர்க் குழாயைத் திற. காற்றெல்லாம் கக்கி முடித்துத் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைத் தொடாதே. வெறும் தொட்டியில் எலிமெண்ட் நிமிடத்தில் கருகும்.

தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு வால்வு மாட்டச் சொல்லி பெட்டியோடு கொடுத்திருப்பார்கள். தண்ணீர் சூடாகும்போது விரியும், அப்போது அதில் சொட்டுச் சொட்டாக வடியும். அது கோளாறு அல்ல. தரை ஈரமாகிறது என்று அதை ஆணி வைத்து அடைத்த வீடுகள் இருக்கின்றன. அடைக்காதே, ஒரு சிறு குழாய் மாட்டி வடிகாலுக்கு விடு. இந்த வால்வும் இல்லை, சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டது என்றால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். தொட்டி வெடிப்பது அப்படித்தான்.

7. தெர்மோஸ்டாட்டைத் தாண்டிக் கொடுக்கச் சொன்னால் கேட்காதே.

இது நம் ஊருக்கே உள்ள தொல்லை. பச்சைப் பட்டில் நாலில் ஒரு பங்கு வரை கோந்து; சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிநிலைக்குப் பக்கத்தில் வேகவைத்தால்தான் போகும். சிறு சாயக்காரர் ஒருவர், "விறகு விலை ஏறிப்போச்சு, இந்த ஹீட்டரையே நல்லா கொதிக்கிற மாதிரி பண்ணிக் கொடுப்பா" என்பார். பெரியவராக இருப்பார், உன் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். ஹீட்டரில் இரண்டு காவல் உண்டு. தெர்மோஸ்டாட் குறித்த சூட்டில் நிறுத்தும். அது தவறினால் கட்அவுட் வெட்டும். இரண்டையும் இணைப்பு வயரால் தாண்டுவது ஐந்து நிமிட வேலை, அதனால்தான் ஆபத்து. "மாமா, இது குளிக்கிற சாமான், சாயத்துக்கு வேற பாய்லர் இருக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள். கோபித்துக்கொள்வார். கோபம் ஆறிவிடும்.

கட்அவுட் ஒரு முறை வெட்டியிருந்தால் வெறுமனே பொத்தானை அழுத்திவிட்டு வராதே. ஏன் வெட்டியது என்று பார்.

8. உப்புத் தண்ணீரை மதிக்கக் கற்றுக்கொள்.

கமண்டல நாகநதியில் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். ஊர் போர்வெல்லை நம்பியிருக்கிறது. எந்தத் தண்ணீர் எப்படி என்று தெரிய வேண்டுமானால் வீட்டுச் சோப்பை எடுத்துக் கையில் தேய்த்துப் பார். நுரை வராமல் திரிதிரியாகத் திரண்டால் கடின நீர். பட்டு அலசுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். எந்தத் தெருத் தண்ணீர் எப்படியென்று அவர்களையே கேள்.

கடின நீரைச் சூடாக்கினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு எலிமெண்டின் மேல் வெள்ளையாகப் படியும். படிவு வழியாகச் சூடு தண்ணீருக்குப் போகாது. எலிமெண்ட் உள்ளுக்குள்ளேயே வெந்து, உறை வெடித்து, கரண்ட் தண்ணீருக்குள் கசியும். அதனால் பராமரிப்பு என்பதும் மின்சாரப் பாதுகாப்புதான். ஹீட்டர் கடகடவென்று குமுறுவது, முன்பு இருபது நிமிடத்தில் சூடானது இப்போது நாற்பது ஆவது, தண்ணீரில் துருநிறம், இவை மூன்றும் முன்னறிவிப்பு. உடனே கழற்றிப் பார்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடு. மெயினை இறக்கு, பிளக்கை உருவு, டெஸ்டரால் பார், தண்ணீரை வடி. எலிமெண்டைக் கழற்றிப் படிவை நீக்கு. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் இளகி வரும், உளியால் தட்டாதே. அடியில் சேர்ந்த வண்டலைக் கழுவு. ரப்பர் வளையம் புதிதாகப் போடு. தொட்டிக்குள் ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும், அது தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கிறது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்று. அந்தத் தண்டு இருப்பதே பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. சில மெக்கானிக்குகளுக்குத் தெரிந்தும், கழற்றித் தூர எறிந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இரண்டு வருடத்தில் தொட்டி ஓட்டையானதும் புது ஹீட்டர் விற்கலாம் அல்லவா. அந்தப் பிழைப்பு நமக்கு வேண்டாம்.

9. ராடு.

சுவர் ஹீட்டரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். ஆனால் ஊரில் பாதிப் பேர் வாளியில் ராடைத்தான் போடுகிறார்கள். விலை குறைவு, மாடித் தொட்டி வேண்டாம், வாடகை வீட்டுக்காரர் ஆட்சேபிக்க மாட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு அதைப் பிடிக்காது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வாங்கித்தான் தீருவார்கள் என்றால், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு மூன்று முள் பிளக் உள்ளதை வாங்கச் சொல். பிறகு இவற்றை வீட்டில் ஒவ்வொருவருக்கும் சொல்:

சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகே தண்ணீரைத் தொடலாம். சுவிட்ச் தப்பாக நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் ராடில் ஃபேஸ் இருக்கும், அதனால்தான் பிளக்கை உருவச் சொல்கிறேன். இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். உறை கசிந்தால் அண்டா முழுக்கக் கரண்ட். பிளாஸ்டிக் வாளியில் ராடு பக்கத்திலும் அடியிலும் படாமல், குறுக்குக் குச்சியில் தொங்க வேண்டும். குறித்த அளவுக்குத் தண்ணீர் இருந்த பிறகே சுவிட்ச். அணைத்த உடனே வெளியே எடுக்காமல் கொஞ்சம் ஆறவிட வேண்டும். போட்டுவிட்டுத் தறியில் போய் உட்காரக் கூடாது; நாடா ஓடும் சத்தத்தில் பின்கட்டு நினைவே வராது. குழந்தை நடமாடும் வீட்டில் கதவைச் சாத்தாமல் ராடு போடுவதைப் பார்த்தால் சண்டை போட்டாவது நிறுத்து.

இரண்டு முள் பிளக்கில் ராடு வயரைச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவதை இன்னும் பார்க்கிறேன்.

10. கேஸ் ஹீட்டரும் தறிக்குழியும்.

சிலிண்டரில் ஓடும் ஹீட்டர் வயரிங் செலவைக் குறைக்கும் என்று வாங்கி வருவார்கள். அதில் இரண்டு ஆபத்து. முதலாவது எல்லா ஊருக்கும் பொது. வாயு எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை சுற்றும், கால் துவளும், உள்தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் ஆள் விழுந்து கிடப்பார். 1868-இல் லண்டனில் மான் என்பவர் செய்த முதல் கேஸ் ஹீட்டருக்கே புகைபோக்கி கிடையாது, புகை குளியலறைக்குள்தான் வந்தது. ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் நாம் ஜன்னல் இல்லாத ஆறடி அறையில் அதே தப்பைச் செய்கிறோம். கேஸ் ஹீட்டரை வெளிச்சுவரில், திறந்த இடத்தில், மழை படாமல் மாட்டு. அறைக்குள் வெந்நீர்க் குழாய் மட்டும் வரட்டும். அப்படி இடம் இல்லையென்றால் மாட்டாதே.

இரண்டாவது தறி வீட்டுக்கே உரியது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். வீட்டில் பள்ளம் எது? நெசவாளர் காலை விட்டு உட்காரும் தறிக்குழி. பின்கட்டில் இரவெல்லாம் கசிந்தது விடியும்போது குழியில் தேங்கி நிற்கும். ஜன்னலைத் திறந்தாலும் அது எளிதில் கலையாது. வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடு, கதவுகளைத் திற, எல்லாரையும் தெருவுக்கு அனுப்பு. குழியில் வாயு இல்லையென்று உறுதியாகும்வரை தறி விளக்கைத் தொடாதே.

11. செம்பு பாய்லரைக் கேவலமாகப் பேசாதே.

எர்த் போட வழியில்லாத வீட்டுக்கு நடுவில் புகைபோக்கி வைத்த அந்தப் பழைய பாய்லரே மேல். கொல்லையில் வைக்கட்டும், புகை தறிப்பக்கம் வந்தால் வெள்ளி ஜரிகை கறுத்துவிடும். சொந்த மாடி இருக்கிறவருக்குச் சோலார் நல்லது, நம் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. உப்புத் தண்ணீர் அங்கேயும் படியும் என்பதையும் சேர்த்துச் சொல்.

12. மாட்டியதோடு வேலை முடிவதில்லை.

தெர்மோஸ்டாட்டை 55க்கும் 60க்கும் இடையில் வை. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடியில் பெரியவர் தோலையே வேகவைக்கும், குழந்தைக்கு அதற்கும் குறைவு. வாளியில் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. சுட்டுக்கொண்டால் மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம்; ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரி. குளிப்பதற்கு முன் சுவிட்சை அணைத்துவிடச் சொல். குழாயைத் தொட்டால் "சுறுக்" என்கிறது என்று யாராவது சொன்னால், "ஈரத்துக்கு அப்படித்தான்" என்று சொல்லிச் சிரிக்காதே. அன்றைக்கே போய்ப் பார்.

கரண்ட் பிடித்தவரைக் கையால் இழுக்கக் கூடாது, மெயினை இறக்க வேண்டும். மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். நீ கிளம்பும் முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு முறை இறக்கி ஏற்றச் சொல்.

13. சான்றிதழ் எடு.

மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன் உதவியாளருக்கும் வயர்மேனுக்கும் தனித்தனியே தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது. அது கையில் இல்லாமல் தனியாக வேலை எடுக்காதே. செய்த வேலையைத் தாளில் எழுதிக் கொடு: எந்தத் தேதியில் மாட்டியது, எர்த் எத்தனை ஓம், அடுத்த பராமரிப்பு எப்போது. மாட்ட மறுத்த வீட்டுக்கும் ஏன் மறுத்தாய் என்று எழுதிக் கொடு. அடுத்த ஆள் வந்து மாட்டுவதற்கு முன் அந்தத் தாளையாவது படிக்கட்டும்.

மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, கேஸ் கசிவுக்கு 1906, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்பு.